முட்டை அட்டையில் ஓர் எஞ்சின்

செய்த கம்பெனி கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கார் மட்டும் நிற்கிறது. லிங்கராஜபுரத்துப் பட்டறை ஒன்றில் பழைய ஃபியஸ்டாவின் சிலிண்டர் ஹெட் மறுபடியும் ஏறுகிறது.

கடையில் முட்டை அடுக்கித் தரும் அட்டைத் தட்டு அது. முப்பது குழிகளில் பதினாறில் மட்டும், கவிழ்த்து வைத்த சிறு கிண்ணங்களைப் போல எஃகு டேப்பட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் எண் போட்டிருக்கிறது. இன்டேக் ஒன்று முதல் எட்டு, எக்ஸாஸ்ட் ஒன்று முதல் எட்டு. பட்டறைப் பையனுக்குக் கடந்த பத்து நாட்களாக ஒரே உத்தரவுதான்: "எதை வேணா தொடு, அந்தத் தட்டைத் தொடாதே."

கிழக்கு பெங்களூரில், ரயில் பாதையைத் தாண்டும் லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அப்பால் ஒரு சந்து. தகரக் கூரையின் கீழ் இரண்டு கார்கள் நிற்க இடம் உண்டு. மூன்றாவது வந்தால் தெருவில்தான். வருகிறவர்கள் தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ பேரம் பேசுகிறார்கள். திட்டு மட்டும் தமிழில்.

உள்ளே நிற்பது 2006-ல் பதிவான ஃபோர்டு ஃபியஸ்டா. 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், பதினாறு வால்வுகள், இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் ஒழுகிய பிறகும், வீடு பக்கம்தானே என்று உரிமையாளர் ஓட்டிவிட்டார். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதை அவர் பார்க்கவில்லை. அலுமினிய ஹெட்டுக்கு அந்தக் கொஞ்ச தூரம் போதும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிய இடமில்லாமல் போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தால், குளிர்ந்த பிறகு வளைந்து நிற்கும். ஸ்டீல் அடிக்கோலை வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைத்தால் வளைவு தெரிந்துவிடும். இதிலும் தெரிந்தது.

இதற்குச் செலவு செய்வதா, காரை எடைக்குப் போடுவதா என்பதுதான் உரிமையாளரின் முதல் கேள்வி. அவர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பதினைந்து வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ஒரு காலத்தில் 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 என்று மத்திய அரசு அறிவித்தது. பசுமை வரி தனி. பழசு என்றால் செலவு என்று அரசே விலைப்பட்டியல் போட்டிருக்கும்போது, ஹெட் வேலைக்கும் பணம் போடுவது புத்திசாலித்தனமா என்று வீட்டில் கேட்கிறார்கள். "இன்னும் அஞ்சு வருஷம் ஓடுமா, மேஸ்திரி?" என்று அவர் கேட்டதற்குக் கிடைத்த பதில் ஆறுதலாக இல்லை: "மாட்டுறதைப் பொறுத்து, சார்."

ஃபியஸ்டா தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த கார். 2005 நவம்பரில் சந்தைக்கு வந்தபோது செங்கல்பட்டுக்குப் பக்கம் மறைமலை நகர் ஆலையிலிருந்துதான் வந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கடைசிக் கார் இறங்கியது. சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. 2025 அக்டோபரில், அதே ஆலையில் 2029 முதல் எஞ்சின்கள் தயாரிக்கப்போவதாக ஓர் அறிவிப்பும் வந்தது. அந்தப் புது எஞ்சின்களால் 2006-ஆம் வருடத்துக் காருக்கு ஒரு வாஷர்கூடக் கிடைக்கப்போவதில்லை. லிங்கராஜபுரத்து மேஸ்திரிக்கு ஜே.சி. ரோடு உதிரி பாகக் கடைகளும், சிவாஜி நகரில் பழைய கார்களைப் பிரித்து விற்பவர்களும்தான் கதி.

அம்பாசிடர் காலத்தில் ஹெட்டைக் கழற்றுவது இவ்வளவு பெரிய சமாசாரம் இல்லை. அதன் 1489 சிசி எஞ்சினில் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருக்கும். நீளக் கம்பிகள் வழியாக மேலே இருக்கும் வால்வுகளை அது தள்ளும். ஹெட்டைத் தூக்கினாலும் கேம்ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருப்பதால் டைமிங் கலையாது. பத்மினியிலும் அப்படித்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கேம்ஷாஃப்ட் ஹெட்டின் தலைக்கு ஏறியது. ரப்பர் பெல்ட் அதைச் சுழற்றியது. ஹெட்டைக் கழற்றினால் டைமிங்கையும் கழற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தது. ஒரு கேம்ஷாஃப்ட் இரண்டானபோது தவறு செய்ய இடமும் இரண்டானது.

லேத் பட்டறையில் ஃபேசிங் முடிந்து, வால்வுகள் சீட்டில் சரியாக உட்காரும்படி தேய்க்கப்பட்டு, ஹெட் செய்தித்தாளில் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. முதல் வேலை ஸ்பேனரில் இல்லை, துணியில். பிளாக்கின் மேல்பரப்பில் பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. போல்ட் இறங்கும் பத்துத் துளைகளையும் காற்றடித்து உலர்த்துகிறார் மேஸ்திரி. அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட்டுக்கு அது வழிவிடாது. திரவத்தை அமுக்க முடியாதே! முறுக்கிக்கொண்டே போனால் அலுமினிய பிளாக் விரிசல் விடும். ஹெட் வேலைக்கு வந்த கார் எஞ்சினே இல்லாமல் போவது இப்படித்தான்.

பிறகு கிராங்கைச் சற்றே திருப்பி, நான்கு பிஸ்டன்களும் பாதி வழியில் நிற்கும்படி செய்கிறார். ஹெட்டும் கேம்ஷாஃப்ட்டுகளும் ஏறும்போது ஏதாவது வால்வு திறந்து கீழே நீட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனின் தலையில் இடிக்கும். பாதியில் நின்றால் இடிக்காது. புது கேஸ்கட்டை உலர்ந்தபடியே வைக்கிறார். கேஸ்கட்டின் மேல் பசையோ கிரீஸோ தடவுவது அம்பாசிடர் காலத்துப் பழக்கம். அதை இன்னும் விடாதவர்கள் உண்டு.

போல்ட்டுகள் பத்தும் புதியவை. உரிமையாளர் முகம் சுளித்த இடம் இது. பழையது நன்றாகத்தானே இருக்கிறது? பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவை முறுக்கும்போது ரப்பரைப் போல நீண்டு, அந்த இழுப்பிலேயே ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறவை. ஒரு முறை நீண்டது மறுமுறை அதே பிடியைத் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி, குறுக்கும் நெடுக்குமாக, முதல் சுற்றில் பத்தும் 15 நியூட்டன் மீட்டர். இரண்டாம் சுற்றில் 30. மூன்றாம் சுற்றில் டார்க் ரெஞ்சை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றும் 90 டிகிரி, அதாவது சரியாகக் கால் வட்டம். அந்தக் கடைசிக் கால் வட்டத்தில் கை நடுங்கும். இன்னும் கொஞ்சம் போனால் முறிந்துவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஹெட்டின் நடுப்பகுதி உப்பி நின்று, கேஸ்கட் அடுத்த மாதமே ஊதியிருக்கும்.

இப்போது முட்டை அட்டைக்கு வேளை வருகிறது. ஒவ்வொரு டேப்பட்டும் எண்ணெய் பூசிக்கொண்டு தன் பழைய குழிக்குள் இறங்குகிறது. மேலே கேம்ஷாஃப்ட்டுகள், அவற்றின் மேல் பேரிங் மூடிகள். மூடிகளையும் இடம் மாற்றக் கூடாது. தொழிற்சாலையில் ஹெட்டோடு சேர்த்துப் பிடித்துத் துளைத்தவை அவை; ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. ஒரு மூடியை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவும் கூடாது. கீழே வால்வு ஸ்பிரிங்குகள் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனை இறங்கி மறுமுனை தூக்கி நின்றால் வார்ப்பிரும்புத் தண்டு முறுக்குக் கம்பு போல இரண்டாக உடையும். ஆகவே எல்லாவற்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்க வேண்டும். பையன் எண்ணுகிறான், மேஸ்திரி முறுக்குகிறார்.

பல பட்டறைகளில் இத்தோடு பெல்ட்டை மாட்டிவிடுவார்கள். இங்கே அன்று மதியம் முழுவதும் ஃபீலர் கேஜில் போனது. கேமின் முதுகுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்டேக்கில் 0.17 முதல் 0.23 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்டில் 0.31 முதல் 0.37 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். வால்வைத் தேய்த்தால் அது சீட்டுக்குள் ஒரு மயிரிழை ஆழமாக உட்காரும், அதன் வால் அந்த அளவுக்கு மேலே தூக்கும், இடைவெளி குறையும். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் 0.24-க்கு மேல் தகடு நுழையவில்லை. அதே போல் இன்னும் மூன்று இடங்களில்.

பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று விட்டால் என்ன ஆகும்? கிளப்பினால் எஞ்சின் ஓடும். சத்தம்கூடக் குறைவாக இருக்கும். ஆனால் சூடேறும்போது வால்வு நீளும். இடைவெளி போதாமல் அது முழுவதும் மூடாமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்கிவைப்பது மூடி உட்காரும் அந்தக் கணத்தில்தான். உட்காரவே விடாவிட்டால் விளிம்பு எரிந்துபோகும். சில மாதங்கள் கழித்துக் கார் மறுபடியும் வரும். ஆனால் அதே பட்டறைக்கு வராது.

இந்த எஞ்சினில் திருகி அளவு வைக்க ஸ்க்ரூ கிடையாது. டேப்பட்டையே வேறு தடிமனுக்கு மாற்ற வேண்டும். அளவு அதன் உட்புறத்தில் பொறித்திருக்கும். மாற்ற, கேம்ஷாஃப்ட்டுகளை மறுபடியும் கழற்ற வேண்டும். அரைச் சுற்று, அரைச் சுற்றாக. தட்டுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்ததில் இரண்டு இடம் சரியாயிற்று. மற்ற இரண்டுக்கு மெல்லிய டேப்பட் வேண்டும். இருப்பதையே கல்லில் பிடித்து அரைத்துவிடலாமே என்பது பையனின் யோசனை. "மேல்தோல்தான்டா கடினம். அதை அரைச்சிட்டா உள்ளே வெண்ணெய்." ஃபியஸ்டாவின் 1.6 எஞ்சினேதான் ஃபோர்டு ஃபியூஷனிலும் இருந்தது. சிவாஜி நகரில் பிரித்துப் போட்ட ஒரு ஃபியூஷனின் ஹெட்டிலிருந்து, மைக்ரோமீட்டரை வைத்துப் பொறுக்கியதில் இரண்டு அகப்பட்டன. அதற்கு இரண்டு நாள். உரிமையாளர் தினமும் போன் செய்தார். வேலை நகரவில்லை என்றே அவருக்குப் பட்டது.

கடைசியில் டைமிங். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐம்பது முறை திறந்து மூடும். இந்தத் தாளம் பிசகினால் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்; பதினாறும் வளைந்தாலும் ஆச்சரியமில்லை. மாருதி 800-ல் புள்ளிக்குப் புள்ளி பொருத்தினால் தீர்ந்தது. இதில் கேம் பற்சக்கரங்களைத் தண்டோடு பூட்ட சாவி இல்லை. வெறும் இறுக்கத்தில் நிற்கின்றன. போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். கழற்றும் முன் பெயிண்டால் கோடு போட்டு வைத்துக்கொண்டு அதை நம்பியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரியான வழி, தண்டுகளின் பின்முனையில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டையைக் குறுக்கே நுழைப்பது. இரண்டு தண்டுகளும் அசையாது. பிளாக்கின் பக்கவாட்டுத் துளையில் ஒரு பின் திருகி, கிராங்க் அதில் முட்டும்வரை திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பூட்டிய பிறகு பெல்ட், டென்ஷனர், பற்சக்கர போல்ட்டுகள். கிராங்க் புல்லிக்கும் புது போல்ட்: 40 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி. மேஸ்திரியின் பட்டை கம்பெனிக் கருவி அல்ல. லேத்தில் சொல்லி அறுத்தது. தடிமன் மட்டும் சரியாக இருக்கிறது.

பூட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. எங்கும் முட்டவில்லை. பட்டை மறுபடியும் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதலில் ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, காய்ந்துகிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்றினார்கள். பிறகு பிளக், கூலன்ட், சாவி.

மூன்றாவது முயற்சியில் பிடித்தது. கொஞ்ச நேரம் டேப்பட் சத்தம். சைலன்சரில் வெள்ளைப் புகை. உரிமையாளர் பதறினார். உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகிறது, நிற்கிறதா பார்ப்போம் என்றார் மேஸ்திரி. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும்வரை ஓடவிட்டார். புகை நின்றது. ஆனால் சாவியை அன்று தரவில்லை. ஒரு ராத்திரி குளிரட்டும் என்றார்.

மறுநாள் காலை, பட்டறை ஷட்டரைத் தூக்கியதும் பையன் முதலில் போய்ப் பார்த்தது கூலன்ட் டப்பாவை. முந்தின மாலை பேனாவால் போட்ட கோட்டிலேயே தண்ணீர் நின்றது.