பனி கனமானது: பனிச்சரிவு பற்றி ஒரு குறிப்பு

தமிழில் 'பனி' என்ற சொல் ரொம்பவே வேலை பார்க்கிறது. மார்கழி விடியலில் திண்டுக்கல் பக்கம் புல்லில் நிற்கும் துளி பனி. சிறுமலையை மறைக்கும் மூட்டமும் பனி. கொடைக்கானல் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி. இமயமலையில் ஆளுயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். முதல் மூன்றும் வெயில் ஏறினால் போய்விடும். நாலாவது கிடக்கும், சேரும், கனக்கும். கேதார்காந்தா மாதிரி குளிர்கால மலையேற்றங்களுக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இப்போது கிளம்புவதால், அந்த நாலாவது பனியைப் பற்றிக் கொஞ்சம் பார்க்கலாம்.

எவ்வளவு கனம்?

50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனமுள்ள ஒரு பனித்தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு படிந்த பனி ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ இருக்கும். கணக்குப் போட்டால் 300 டன்னுக்கு மேல் வருகிறது. பத்து டன் லாரி முப்பது ஒரே நேரத்தில் சரிவில் உருண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது சின்னப் பனிச்சரிவுதான்.

ஏன் சரிகிறது?

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. பனி மெல்லிசாக இருந்து, வானம் தெளிந்து, கடுங்குளிர் அடிக்கும் நாட்களில், அடியில் இருக்கிற பனி ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடும். கையில் அள்ளினால் சீனி மாதிரி உதிரும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகையாகிறது. சாய்ந்த பலகையில் கேழ்வரகைப் பரப்பி அதன்மேல் அரிசி மூட்டையை வைத்த கதைதான். கொஞ்சம் அசைத்தால் போதும்.

அந்த அசைவை யார் கொடுக்கிறார்கள்? மலையேறிகளைக் கொன்ற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியது மாட்டிக்கொண்டவரோ, கூட வந்தவரோதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சரிவின் கோணம். 30 முதல் 45 டிகிரி வரைதான் அதிக ஆபத்து. செல்போனிலேயே அளக்கலாம். நாம் நிற்கும் இடம் சமதளம் என்றால் மட்டும் போதாது, தலைக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது என்றும் பார்க்கணும்.

அடுத்தது வானிலை. பெரும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய முதல் நாள், பலத்த காற்று, திடீர் வெயில் மூன்றுமே எச்சரிக்கை. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும். மழை பெய்யாமலே கண்மாய் நிரம்புகிற மாதிரி, பனி பெய்யாமலே அந்தப் பக்கம் பாரம் ஏறிவிடும்.

மூன்றாவது, பனியே சொல்லும் சேதி. கால் வைத்ததும் 'வும்' என்று அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனி. இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.

திறமை காப்பாற்றுமா?

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா டண்டா சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது. 29 பேரை இழந்தோம். அதில் பயிற்றுநர்களும் உண்டு.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்நிலை மூடப்பட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், அதில் ஒருவர் நமக்குப் பக்கத்துத் தேனி மாவட்டம். அங்கே விழுந்தது பனிக்கட்டிச் சுவர். அந்த இறுகிய கட்டியை வெட்டித்தான் தேடினார்கள். ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். அவரும் 11ஆம் தேதி இறந்தார்.

பொதுவான கணக்கு வேறு. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரைமணி போனால் மூன்று பேர்தான். அதாவது மீட்புப்படை வந்து காப்பாற்ற நேரம் கிடையாது. கூட வந்தவர்தான் காப்பாற்றணும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: பாதை எந்தச் சரிவுகளுக்குக் கீழே போகிறது? சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கிறீர்களா? சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் குழுவில் இருக்கா? 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.