வன்தட்டின் பாகப்பிரிவினை

கண்டி நகருக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைத் தன் அடிவாரத்திற் கொண்டு நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அம்மலையின் பெயரைத் தாங்கிய லினக்ஸ் வெளியீடொன்றும் உண்டென்பதைப் பலர் அறியார். பெடோரா என்னும் லினக்ஸ் தொகுப்பை அடியாகக் கொண்டு, இலங்கைக் கணினியாளர் 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஆக்கி வெளியிட்ட ‘ஹந்தான லினக்ஸ்’ என்பதே அது. மலை அசையாதது, அதன் பெயர் பெற்ற மென்பொருளுக்கோ அந்த நிலைபேறு இல்லை. பெடோராவிற் புதிய வெளியீடு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொரு முறை வருகின்றது; ஒவ்வொன்றுக்கும் 13 மாதமளவே திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. ஆகவே அதனையோ அதன் வழிவந்த ஒன்றையோ நிறுவியவர், ஆண்டுக்கொரு முறையேனும் தம் பணிசெயல் முறைமையைப் புதுப்பிக்க வேண்டியவராகின்றார். பழையதன் மீதே புதுப்பித்தலும் கூடும். அஃது இடையில் முறிந்துவிடின், மீள நிறுவுதலே வழியாகும்.

முறைமை இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, அதனைக் கொண்டு ஆசிரியர் எழுதிய வினாத்தாளும், மாணவர் புள்ளிப் பட்டியலும், பல ஆண்டு சேர்த்த பாடக்குறிப்பும் மாறாதிருத்தல் வேண்டும். முறைமையை எவரும் இலவசமாக மீண்டும் பெறலாம். பாடக்குறிப்பை எங்கும் பெறவியலாது. இவ்விரண்டையும் ஒரே பிரிவிற் கலந்து வைத்தால், ஒன்றை அழிக்கும்போது மற்றதும் உடனழியும். புதுக் கணினியின் வன்தட்டைப் பிரிவிடுமுன் சிந்திக்க வேண்டியது முதன்மையாக இஃதொன்றே.

பிரிவு என்பது யாது? வயலில் வரம்பு கட்டுவதுபோல, ஒரே வன்தட்டில் இன்ன இலக்கத்திலிருந்து இன்ன இலக்கம் வரை ஒரு பகுதியென அட்டவணையொன்றிற் குறித்துவைத்தலே பிரிவிடலாகும். தட்டு உடைபடுவதில்லை, அட்டவணையே எழுதப்படுகின்றது. 1983இல் ஐ.பி.எம். கணினிகளில் வழக்குக்கு வந்த பழைய அட்டவணை, நான்கு முதன்மைப் பிரிவுகளையே ஏற்றது, ஏறத்தாழ 2.2 தெராபைற்றுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் ஆளவும் இயலவில்லை. இக்காலக் கணினிகளில் வழங்கும் ஜீ.பி.ரி. என்னும் அட்டவணையோ வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடந்தருவது. இடமுண்டு என்பதற்காகப் பலவாகப் பிரித்தல் அறிவுடைமையன்று.

பிரிவுகளின் பெயர்களுக்குச் சுவையான வரலாறொன்றுண்டு. 1970களின் தொடக்கத்தில், லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸ், பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட நாளில், முறைமை வளர்ந்து முதல் வட்டிற் கொள்ளாதுபோயிற்று. ஆக்கியோர் அதன் ஒரு கூற்றை, பயனர்தம் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டுக்கு மாற்றினர். அவ்வட்டும் நிரம்பவே, பயனர் கோப்புகளுக்கெனப் பிறிதொரு வட்டு வேண்டியதாயிற்று. பயனரைக் குறிக்கும் பெயருடைய ‘யூ-எஸ்-ஆர்’ கோப்புறையில் இன்றும் பயனர் எவருடைய கோப்பும் இல்லாமல் முறைமையின் கோப்புகளே நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றிய கதை எனலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 500 கிகாபைற் என்று விற்கப்படும் வன்தட்டொன்றை எடுத்துக்கொள்க. விற்போர் ஆயிரத்தின் மடங்கால் எண்ணுவர். கணினி 1024இன் மடங்கால் எண்ணும்போது அது 465 ஆகவே தோன்றும். யாரும் களவாடவில்லை. இதில் 1 கிகாபைற், கணினி தொடங்கும்போது முதலிற் படிக்கும் ஈ.எவ்.ஐ. பிரிவுக்குப் போதும். ரூற் எனப்படும் வேர்ப் பிரிவுக்கு 80 வழங்குக. முறைமையும் மென்பொருள்களும் இதில் அமையும். நினைவகம் 8 கிகாபைற் ஆயின், அது நிறையும்போது துணைபுரியும் சுவாப் பிரிவுக்கு 10 வைக்கலாம். கணினியை உறக்கநிலையில் வைக்க விரும்புவோருக்கு நினைவகத்தின் அளவுக்குக் குறையாத சுவாப் பாதுகாப்பானது; ஏனையோருக்கு இதனினும் குறைந்தது போதும். ஹோம் எனப்படும் இல்லப் பிரிவுக்கு 280 வழங்கினால், எஞ்சும் 94 கிகாபைற் எவருக்கும் உரித்தாக்கப்படாமற் கிடக்கும்.

அவ்வெற்றிடம் வீணன்று. எக்ஸ்ற்-4 என்னும் கோப்பு ஒழுங்கிலமைந்த பிரிவை, கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெருப்பிக்கலாம். சுருக்குவதற்கோ அதனைப் பயன்பாட்டினின்றும் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்.எவ்.எஸ். என்னும் ஒழுங்கைச் சுருக்குவதற்கு வழக்கமான வழியே இல்லை. எனவே, குறையக் கொடுத்துப் பின் கூட்டுதல் எளிது. கூடக் கொடுத்துப் பின் குறைத்தல் அரிது. இவ்விதிக்கு வேர்ப் பிரிவு மட்டும் விலக்காகும். அதனை அடுத்து வேறு பிரிவுகள் நிற்பதால், பின்னர் பெருப்பிக்க வேண்டின் அவற்றை நகர்த்த நேரிடும். வேர்ப் பிரிவுக்கு இருபதோ முப்பதோ போதுமென்று கருதி, ஓராண்டுக்குள் இடமின்றித் திருத்தங்களையும் இறக்க மாட்டாது இடர்ப்படுவோர் பலர். சிக்கனம் ஈண்டு பொருந்தாது. எல்.வி.எம். என்னும் இடைநிலை அமைப்பைக் கையாள்வோருக்கு, வெற்றிடம் எங்கிருந்தாலும் எப்பிரிவுடனும் இணைக்கக்கூடுமாதலின், இவ்விடர் இல்லை.

பிறிதொரு நெறியும் இப்போதுண்டு. 2020 ஒக்டோபரில் வந்த பெடோரா 33 முதல், மேசைக் கணினி வெளியீடுகளில் பீ.ரி.ஆர்.எவ்.எஸ். என்னும் ஒழுங்கே இயல்பாக நிறுவப்படுகின்றது. இதில் வேரும் இல்லமும் தனித்தனி உட்பிரிவுகளாயினும் இடம் பொதுவானது. எதற்குத் தேவையோ அது எடுத்துக்கொள்ளும். கண்டிப் பகுதியிற் பரம்பரைக் காணிகளைப் பற்றி அறிந்தோருக்கு இஃது எளிதில் விளங்கும். காணியில் இன்னாருக்கு இன்ன பங்கென்று உரிமை இருக்கும், எல்லை பிரிக்கப்பட்டிராது. எல்லை வேண்டுவோர், 1951இலும் பின்னர் 1977இலும் இயற்றப்பட்ட பிரிவினைச் சட்டங்களின்படி நீதிமன்றஞ் சென்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். வன்தட்டில் வழக்கில்லை என்பது ஆறுதலே. ஆயினும் பொதுக்காணியில் ஒருவர் முழுவதையும் நிரப்பிவிட்டால் ஏனையோருக்கும் இடமில்லாது போகும். பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் பாடசாலைக்குத் தெளிவான வரம்புகளே மேலென்று தோன்றுகின்றது.

விண்டோஸ் ஏற்கெனவே உள்ள கணினியாயின், அதன் பகுதியை விண்டோஸின் உள்ளிருந்தே சுருக்கி இடம் பெறுதல் வேண்டும். அங்குள்ள ஈ.எவ்.ஐ. பிரிவை இரண்டு முறைமைகளும் பகிரலாம். அதனை அழித்தல் ஆகாது.

மலைநாட்டில் மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடிமழை பொழிவதும் மின்சாரம் தடைப்படுவதும் வழக்கம். 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியதையும் மறக்கவியலாது. எக்ஸ்ற்-4 ஒழுங்கு, தான் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலிற் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், மின் திடீரென நின்றாலும் கோப்பமைப்பு பெரும்பாலும் குலையாது. தட்டில் இன்னும் பதியாத எழுத்தை அது மீட்டுத் தராது. மின்னல் தாக்கித் தட்டே எரிந்துபோயின், வேரும் இல்லமும் ஒருங்கே போகும். பிரிவிடல் முறைமையிடமிருந்து கோப்புகளைக் காக்குமேயன்றி இயற்கையிடமிருந்து காக்காது. வேறொரு தட்டிற் படியெடுத்து, வேறொரு கட்டடத்தில் வைத்தலே அதற்கு வழி.

மீள நிறுவும் நாளிற் கருத்தூன்ற வேண்டியவை சில. ‘தட்டு முழுவதையும் அழி’ என்னும் தெரிவைத் தொடாது, பிரிவுகளைத் தானே குறிக்கும் வழியைத் தெரிக. வேர்ப் பிரிவை அழித்தெழுதுமாறு குறித்து, இல்லப் பிரிவுக்கு அக்குறி இடாமல் அதன் பெயரை மாத்திரம் வழங்குக. பின்னர் பயனர்களை முன்னிருந்த வரிசையிலேயே பதிதல் வேண்டும். லினக்ஸ் கோப்பின் உடைமையாளரைப் பெயராலன்றி எண்ணாலேயே அறியும்; முதற் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என அவ்வெண்கள் பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. வரிசை மாறிப் பதிந்தால், ஒருவருடைய புள்ளிப் பட்டியல் மற்றவருக்கு உரியதாய்த் திறக்கும். ஆதலின் பயனர் பெயரையும் எண்ணையும், பிரிவுகளின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவைத்தல் நன்று.