காவா வேர்: மருந்தா, மந்திரமா, மரியாதையா?

மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் அப்பேரினத்தைப் பைப்பர் என்பர். நம் அடுக்களையிலும் தாம்பூலத் தட்டிலும் மருந்துப் பெட்டியிலும் இடம்பிடித்த இம்மூவருக்கும் பசிபிக் பெருங்கடல் தீவுகளில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் காவா. இன்று அந்த வேரின் சாறு மாத்திரையாகி, ‘மன அமைதிக்கு, நல்ல தூக்கத்துக்கு’ என்ற விளம்பரத்தோடு வெளிநாடுகளில் விற்பனையாகிறது. “சார், அது நம்ம மூலிகை மாதிரிதானாமே, சாப்பிடலாமா?” என்று சங்க அன்பர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலில் அந்த வேரை அதன் சொந்த வீட்டிலேயே பார்த்துவிடுவோம்.

மனிதன் சுமந்து சென்ற செடி

காவா விதையால் பெருகுவதில்லை. கரும்புக் கரணை நடுவதுபோலத் தண்டை வெட்டித்தான் நடவேண்டும். ஆகவே அது காணப்படும் தீவுகளுக்கெல்லாம் மனிதர்தான் படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். வனுவாட்டுத் தீவுகளே அதன் பிறப்பிடம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. டோங்காவில் காவா, சமோவாவில் அவா, ஃபிஜியில் யங்கோனா, போன்பேய்த் தீவில் சக்காவு என ஊருக்கொரு பெயர். கேப்டன் குக்குடன் பயணம் செய்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர் 1786இல் இதற்குப் பைப்பர் மெதிஸ்டிகம் என்று பெயர் சூட்டினார். ‘மயக்கும் மிளகு’ என்று பொருள்.

ஆனால் இது கள், சாராயம் தரும் மயக்கம் அல்ல. வேரில் காவாலாக்டோன் என்னும் பொருள்கள் உள்ளன. குடித்ததும் நாக்கும் உதடும் மரத்துப்போகும். தசைகள் தளரும், பதற்றம் தணியும். அளவோடு குடித்தால் புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இப்பொருள்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. அதனால்தான் வேரை நன்றாக இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியிலோ நாரிலோ வடிகட்டுகிறார்கள்.

சபையும் மந்திரமும்

ஃபிஜி கிராமத்துக்கு விருந்தாளியாகப் போகிறவர் யங்கோனா வேரைத் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது முறை. அதற்குச் செவுசெவு என்று பெயர். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தனோவா என்னும் மரத்தொட்டியில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு, வரிசை அறிந்து கொடுப்பார்கள். வாங்குபவர் கைதட்டி, ஒரே மூச்சில் குடிப்பார். குடித்து முடித்ததும் “மதா” என்பார்கள், ‘காலியாயிற்று’ என்று அர்த்தம்.

வனுவாட்டின் தன்னாத் தீவில் இதுவே வழிபாடு. அந்திப் பொழுதில் ஆண்கள் கூடிக் குடித்து, கடைசி வாயை உமிழ்ந்து முன்னோரிடம் வேண்டுதலைச் சொல்வார்கள். பிறகு பேச்சு அடங்கிவிடும். ஹவாய்த் தீவில் பூசாரிகள் தெய்வங்களுக்கு இதைப் படைத்தார்கள்.

டோங்காவில் ஒரு கதை. பஞ்ச காலத்தில் வந்த மன்னனுக்குப் படைக்க ஒன்றும் இல்லாத ஏழைத் தம்பதி, தொழுநோயுற்ற தங்கள் மகளையே பலி கொடுத்தார்கள். அவள் புதைகுழியில் இரண்டு செடிகள் முளைத்தன. ஒன்றைக் கடித்த எலி தள்ளாடியது, மற்றதைக் கடித்ததும் தெளிந்தது. முன்னது காவா, பின்னது கரும்பு. கசப்பும் இனிப்புமாகத் தியாகத்தை நினைவூட்டும் கதை இது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஃபிஜியில் ஒருவன் தனியாக உட்கார்ந்து யங்கோனா குடித்தால், யாருக்கோ சூனியம் வைக்கிறான் என்று சந்தேகிப்பார்கள். சபையில் குடித்தால் மரியாதை, தனியே குடித்தால் பில்லி. வேர் ஒன்றுதான், முறைதான் வேறு!

மாத்திரையான கதை

ஐரோப்பாவில் இவ்வேரை ஆல்கஹால், அசிட்டோன் கொண்டு சாறெடுத்து மாத்திரையாக்கினார்கள். ஈரல் பாதிப்புப் புகார்கள் எழவே, 2002இல் ஜெர்மனி தடை விதித்தது. பிற நாடுகளும் தொடர்ந்தன. தீவுகளின் ஏற்றுமதி படுத்துவிட்டது. 2014இல் அங்குள்ள நீதிமன்றம் தடையைத் தள்ளியது, ஆனாலும் விவாதம் ஓயவில்லை. சாறெடுத்த முறை காரணமா, தரமற்ற வேரும் தண்டுத் தோலும் காரணமா, கூடச் சாப்பிட்ட மருந்துகளா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் அளவு மீறினால் கெடுதிதான். தோல் செதில் செதிலாக உரியும், நிறுத்தினால் சரியாகும்.

ஆகவே என் பதில் இதுதான். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் காவா கூடவே கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. மற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை வாங்காதீர்கள். மிளகுக்குச் சொந்தம் என்பதற்காக அது மிளகு ஆகிவிடாது.

ஃபிஜியில் நம்மவர்

கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் இந்தியர் ஃபிஜிக்குக் கப்பலேறினர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சென்றார்கள். 1926இல் நாந்தி நகரில் தென்னிந்தியர் தங்களுக்கென ஒரு சங்கமும் கண்டார்கள். காலப்போக்கில் யங்கோனா அவர்கள் வாயில் ‘நங்கோனா’ ஆயிற்று. இன்று ஃபிஜி இந்தியரின் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாய் விரித்து, தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அந்தச் சிரட்டை கைமாறுகிறது. கோயிலையும் மொழியையும் காத்துக்கொண்டே, போன மண்ணின் மரியாதையையும் கற்றுக்கொண்டார்கள். பிழைக்க வந்த ஊரில் சங்கம் நடத்தும் நமக்கு, காவாவின் மருத்துவ குணத்தைவிட இந்தக் குணம்தான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.