சிறிய இரைப்பையும் பெரிய தேவையும்

34 ஆண்டுகள் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் என் உணவைப் பற்றிய ஓர் எளிய கூட்டல் கணக்கை 64ஆம் வயதில்தான் சரியாகப் போடக் கற்றுக்கொண்டேன். அக்கணக்கையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மிகுந்த உடற்பருமனாலும் நீரிழிவாலும் முழங்கால் நோவாலும் துன்புற்ற எனக்குச் சென்ற ஆண்டு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இதில் பல முறைகள் உண்டு. எனக்குச் செய்த முறையில் இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நீக்கிவிட்டு, எஞ்சியதைக் குழாய்போல் அமைத்துவிடுகிறார்கள். அது தொடக்கத்தில் கொள்ளும் அளவு ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி லிட்டர். ஒரு சிறிய காப்பித் தம்ளர் அளவு என்று கொள்ளுங்கள்.

மூன்று மாதங்களில் 20 கிலோ எடை குறைந்தது. கண்டவர் எல்லாம் பாராட்டினர். நானும் பெருமிதம் கொண்டேன். ஆனால் சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. மாடிப்படி ஏறினால் தொடைகள் நடுங்கின. ஒரு நாள் இரண்டு வயதுப் பேத்தி கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். குனிந்த என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. அன்றுதான் அச்சம் பிறந்தது.

மருத்துவமனையின் உணவியல் வல்லுநர் என் மகள் வயதுடையவர். "நேற்று என்னென்ன உண்டீர்கள், ஐயா? எழுதிக் காட்டுங்கள்" என்றார். எழுதினேன்: காலையில் ஓர் இட்லி, நண்பகலில் சிறிது ரசம் சோறு, மாலையில் 200 மில்லி லிட்டர் பால், இரவில் அரிசிக் கஞ்சி. அவர் ஒவ்வொன்றின் எதிரிலும் அதிலுள்ள புரதத்தின் அளவைக் குறித்தார். இட்லியில் 2 கிராம், சோற்றில் இரண்டரை, பாலில் 6, கஞ்சியில் 2. மொத்தம் பன்னிரண்டரை கிராம். எனக்கு வேண்டியதோ குறைந்தது 60 கிராம்! நூற்றுக்கு 35 எடுத்தால்தான் தேர்ச்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த நான், நூற்றுக்கு 21தான் பெற்றிருந்தேன்.

புரதம் எதற்காக என்று கேட்கலாம். தசை, தோல், மயிர், இரத்தம் ஆகிய அனைத்தையும் கட்டுவதற்கு அது வேண்டும். நாம் உண்ணும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் 9 வகைகளை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். மேலும், கொழுப்பைச் சேமித்துவைக்க உடலில் களஞ்சியம் உண்டு. புரதத்துக்கு அத்தகைய களஞ்சியம் இல்லை. உணவில் அது குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். விறகு இல்லாதவன் வீட்டு உத்தரத்தை வெட்டி அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும் இது. நான் இழந்த 20 கிலோவில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போயிருந்தது. தராசு எவ்வளவு இழந்தோம் என்று கூறுமேயன்றி, எதை இழந்தோம் என்று கூறாது.

சிகிச்சைக்குப் பின் முதலில் நீர் உணவு, அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு எனப் படிப்படியாகவே செல்லவேண்டும். மென்மையான உணவு உண்ணும் நிலையை அடைந்திருந்த எனக்கு அவ்வம்மையார் வகுத்துத் தந்த நாட்கணக்கு இது: முட்டை இரண்டில் 12 கிராம், 400 மில்லி லிட்டர் பாலில் 13, 100 கிராம் பன்னீரில் 18, வெந்த பருப்பு 100 கிராமில் 7, மீன் 50 கிராமில் 10. கூட்டிப் பாருங்கள், 60 வரும். இவற்றை ஒரே வேளையில் உண்ண இயலாது. ஆறு சிறு வேளைகளாகப் பகிர்ந்துகொண்டேன். மீனும் முட்டையும் உண்ணாதவர்களுக்குச் சோயாவும் பருப்பு வகைகளும் கைகொடுக்கும். அவையும் போதாதபோது, மருத்துவர் சொல்லும் புரதத் தூளைப் பாலில் கலந்து பருகலாம்.

விதிகள் சிலவே. தட்டில் புரத உணவை முதலில் உண்ணுங்கள். சோற்றுக்கு இடமிருந்தால் பின்னர் பார்க்கலாம். நன்றாக மென்று விழுங்குங்கள். உணவோடு நீர் பருகாமல், அரை மணி நேரம் கழித்துப் பருகுங்கள். தசையைக் காக்க நடையும் சிறு பயிற்சியும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மயிர் உதிர்தல் விரைவான எடைக் குறைவாலும், இரும்புச் சத்துக் குறைவாலும் நேரலாம். களைப்பு பி12 வைட்டமின் குறைவாலும் வரும். கால் வீக்கமோ ஓயாத வாந்தியோ கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

அன்று முதல் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, நாள்தோறும் கூட்டி எழுதி வருகிறேன். நான்கு மாதங்கள் கழித்துப் பேத்தி மீண்டும் ஓடிவந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மாடி வரை ஏறினேன். உங்கள் இல்லத்திலும் இச்சிகிச்சை பெற்றவர் இருந்தால், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இன்று எத்தனை கிராம் புரதம் உண்டீர்கள் என்றும் கேளுங்கள்.