ஜின்னின் பெயரும் நபியின் பெயரும்

கடற்கரைப் பள்ளிக்குப் போகும் ஒழுங்கையில் போன் திருத்தும் தம்பி, பொரித்த பப்படம்போல ஊதிப்போன பெட்டரி ஒன்றை மேசையில் போட்டுவிட்டுக் கேட்டான்: "இதுக்குள்ள இருக்கிற கோபால்ட் எங்கால வருது சேர்?"

பெரும்பங்கு கொங்கோவிலிருந்து. அங்கே குழிக்குள் இறங்குவோரில் சிறுவர்களும் உண்டு. போன் பெட்டரிக்குள் இருக்கும் லித்தியம் கோபால்ட் ஒட்சைட்டின் நிறையில் நூற்றுக்கு அறுபது பங்கு இந்த உலோகம்தான்.

எனக்குப் பிடித்தது அதன் பெயர்க்கதை. ஜெர்மனியில் வெள்ளிக்காகத் தோண்டியவர்களுக்கு வெள்ளிபோல மினுங்கும் கல்லொன்று அகப்படும். உலையில் போட்டால் வெள்ளி வராது. ஆர்செனிக் புகை வந்து ஆளைக் கிடத்தும். சுரங்கத்துக் குட்டிச்சாத்தான் 'கோபோல்ட்' வெள்ளியைக் களவெடுத்துவிட்டது என்று ஏசினார்கள். 1735 அளவில் சுவீடன் நாட்டு ஜோர்ஜ் பிராண்ட் அதற்குள் புது உலோகத்தைக் கண்ட பிறகும் ஏச்சுப் பெயரே நிலைத்தது.

பாரசீகத்துக் காஷானில் கதை வேறு. கம்சர் கிராமத்து மலையில் எடுக்கும், நீலநிறம் தரும் கோபால்ட் கல்லைத் தொழிலாளிகள் 'சுலைமானி' என்பார்கள், கண்டெடுத்தவர் சுலைமான் நபி என்பது ஊரார் பேச்சு என்று 1301இல் அவ்வூர்க் குயவர் குடும்பத்து அபுல் காசிம் எழுதிவைத்தார். அங்கே ஜின், இங்கே ஜின்களை அடக்கியாண்ட நபி! அந்த நீலம் சீனம்போய்ப் பீங்கானில் பூவாயிற்று. உம்மா பெருநாளைக்கு மட்டும் இறக்கும் பீங்கானில் பொன்விளிம்பு தேய்ந்துவிட்டது, நீலப்பூ அப்படியே இருக்கிறது. பொன் மேலே பூசியது. நீலம் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில், உலைச் சூட்டைத் தாங்கி இருப்பது.

தம்பிக்கு இன்னொரு பதிலும் உண்டு. எங்கள் கடலுக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு அப்பால், அஃபனாசி நிகிடின் என்ற மலை மூழ்கிக் கிடக்கிறது. கேத்தலுக்குள் சுண்ணாம்பு படிவதுபோல, கடல்நீரிலிருந்து கோபால்ட் கலந்த ஓடு அதன்மேல் படிகிறது. பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான். 2009இல் ஐ.நா.விடம் கொடுத்த கண்டமேடைக் கோரிக்கைக்குள் அது அடங்கும் என்கிறது இலங்கை. 2024 ஜனவரியில் அங்கே ஆய்வுசெய்ய விண்ணப்பித்தது இந்தியா. அவ்வளவு ஆழத்துப் பொருளுக்கு இத்தனை போட்டி. நாங்களோ செத்த பெட்டரியை மீன்செதிலோடு சேர்த்துக் கடற்கரையில் கொட்டுகிறோம்.

"ஊதினதக் குத்திராத, தீப்பிடிக்கும். மணல் போட்ட டின்னில வை," என்றேன். மேசைக்கடியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தான். கழுத்துவரை பெட்டரி.

"வச்சிருக்கன் சேர். இத ஆருக்கிட்டக் குடுக்கிற?"