தோற்கடித்தவர் ஜெயிக்கட்டும்

ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் தொழிலால் கணித ஆசிரியர். 1883இல் அவர் டென்னிஸ் போட்டிகளைக் குறைசொல்லி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஒருமுறை தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறையில் முதல் பரிசு உரியவருக்குப் போய்ச் சேரும், இரண்டாம் பரிசை அப்படி நம்ப முடியாது என்பது அவர் வாதம்.

கணக்கு எளிது. 16 பேரைக் குலுக்கிப் போட்டு அட்டவணை தயாரிக்கிறோம். எல்லாரிலும் வலியவர் எப்படியும் வெல்வார். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அட்டவணையின் எதிர்ப்பாதியில் விழுந்தால்தான் இறுதிப்போட்டியைப் பார்ப்பார். அதற்குள்ள வாய்ப்பு 15க்கு 8. ஏறக்குறைய பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். முதல் சுற்றிலேயே வலியவரிடம் மாட்டினால், உலகின் இரண்டாவது சிறந்த வீரர் அன்று மதியமே பெட்டி கட்டலாம்.

இதைச் சரிசெய்யத்தான் ரெபசாஜ் எனப்படும் மறுவாய்ப்புச் சுற்று. தோற்றவர்மேல் இரக்கப்பட்டுக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது குலுக்கலின் பிழைக்குப் போடும் திருத்தம்.

மல்யுத்தத்தில் இது நடக்கும் விதம் சுவையானது. தோற்ற எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை. இறுதிக்கு வந்த இருவரிடம் தோற்றவர்களுக்கு மட்டுமே அழைப்பு. 16 பேர் களத்தில் ஒருவர் இறுதிக்கு வரும்முன் மூவரை வீழ்த்தியிருப்பார். அவரிடம் முதல் சுற்றில் விழுந்தவரும் காலிறுதியில் விழுந்தவரும் மோதுவார்கள். அதில் வென்றவர், அரையிறுதியில் தோற்ற ஒருவரோடு வெண்கலத்துக்கு மோதுவார். இரண்டு பக்கமும் இப்படி நடப்பதால் வெண்கலம் இரண்டு. இந்த வழியில் வந்தவருக்குத் தங்கமோ வெள்ளியோ கிடையாது.

ஆக, தோற்ற பிறகு ஒரு வீரர் செய்யக்கூடியது, தன்னைத் தோற்கடித்தவர் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் காலிறுதியில் ரஷ்யாவின் கோப்லோவாவிடம் தோற்றார். கோப்லோவா இறுதிக்குப் போனார். சாக்‌ஷிக்குக் கதவு திறந்தது. மங்கோலிய வீராங்கனையை வென்று, வெண்கலப் போட்டியில் கிர்கிஸ்தானின் டினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கி, கடைசி நொடிகளில் புரட்டிப்போட்டு 8-5 என முடித்தார். 2008இல் சுஷில் குமாரும் 2012இல் யோகேஷ்வர் தத்தும் வெண்கலம் வாங்கியதும் இதே வழியில்தான். வினேஷ் போகாட்டுக்கு டோக்கியோவில் அந்த யோகம் இல்லை. காலிறுதியில் அவரை வென்ற பெலாரஸ் வீராங்கனை அரையிறுதியிலேயே தோற்றதால், வினேஷின் கணக்கும் அங்கேயே முடிந்தது.

பாரிஸில் கதை தலைகீழ். வெளிநாட்டவர் யாரிடமும் அதுவரை தோற்காத ஜப்பானின் சுசாகியை வினேஷ் முதல் சுற்றில் வீழ்த்தினார். பிறகு இறுதி நாளில் எடை 100 கிராம் கூடிப்போய்த் தகுதி இழந்தார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூபாவின் குஸ்மான் இறுதிக்கு ஏறினார். அந்தப் பக்கம் வெண்கலத்துக்கு ஆள் குறையவே, சுசாகிக்கும் உக்ரைனின் லிவாச்சுக்கும் நடந்த மறுவாய்ப்பு ஆட்டமே வெண்கலப் போட்டியாயிற்று. சுசாகி வென்றார்.

தன் விதியை அடுத்தவர் கையில் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு முழுதும் ஒப்பவில்லை. ஜூடோவில் காலிறுதியில் தோற்ற நால்வருக்கும் மறுவாய்ப்பு உண்டு, வென்றவர் பிறகு என்ன ஆனாலும் சரி. பாரிஸ் ஒலிம்பிக்கின் துடுப்புப் படகில் இன்னும் தாராளம்: முதல் கட்டப் பந்தயத்தில் பின்தங்கியவர்களுக்குத் தனியாக ஒரு பந்தயம் இருந்தது. பல்ராஜ் பன்வார் அப்படித்தான் காலிறுதிக்குப் போனார். அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கும் இது முதன்முறையாக வந்தது.

நமக்கு நன்கு பழகிய வடிவம் ஐ.பி.எல். பிளே-ஆஃப். புள்ளிப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு மட்டும் ஒரு தோல்வி மன்னிக்கப்படும். இங்கே மறுவாய்ப்பு லீக் சுற்றில் சம்பாதித்தது, கோப்பை வரைக்கும் செல்லும். 2013இல் முதல் குவாலிஃபையரில் சென்னையிடம் தோற்ற மும்பை, இறுதியில் அதே சென்னையை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. மல்யுத்த விதி இருந்திருந்தால் மும்பைக்கு வெண்கலத்துக்கு மேல் கிடைத்திருக்காது.