முத்திரையை அழிக்கும் மேடை

திரை இல்லை. காட்சி ஜோடனை இல்லை. தெருமுனையில் சில இளைஞர்கள். ஒருவர் போலீஸ்காரராக மாறி இன்னொருவரை அடிக்கிறார். சுற்றி நிற்பவர்களுக்கு அது நடிப்பு என்று தெரியும். அந்த அடியும் பலருக்குப் பழக்கமானதுதான்.

அகமதாபாத்தில் சாரா பழங்குடியினர் வாழும் சாரா நகரில் 1998இல் தொடங்கியது புதன் தியேட்டர். பெயருக்குக் காரணம், மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தைச் சேர்ந்த புதன் சபர். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் போலீஸ் காவலில் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ். எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி தலைமை தாங்கிய சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சி.பி.ஐ. விசாரணைக்கும், புதனின் மனைவிக்கு இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வங்காளத்தில் இறந்த சபருக்கும் குஜராத்தின் சாராக்களுக்கும் என்ன உறவு? 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம்தான். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஆங்கிலேயர் முத்திரை குத்திய சமூகங்களில் இரண்டும் அடக்கம். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் பிரமலைக் கள்ளர்களையும் கைரேகை பதிய வைத்தது இதே சட்டம்தான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் 1920இல் துப்பாக்கிச் சூட்டைக் கண்டது. நாடு முழுவதும் சட்டம் ரத்தானது 1952இல். ஆனால் சந்தேகம் ரத்தாகவில்லை.

மகாஸ்வேதா தேவியும் பேராசிரியர் கணேஷ் தேவியும் 1998இல் சாரா நகருக்கு வந்தபோது, அங்கே ஒரு நூலகம் உருவானது. புத்தகம் படிக்க வந்த இளைஞர்கள்தான் நடிகர்களானார்கள். தட்சிண் பஜ்ரங்கே போன்றவர்கள் புதனின் கதையை நாடகமாக்கினார்கள். நாங்களும் குடிமக்கள்தானே என்று பார்வையாளர்களை நேருக்கு நேர் கேட்டு முடிகிறது நாடகம். திருட்டுக்கு நடிப்பும் வேண்டும். அந்தத் திறமையைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தோம் என்று சாராக்களே கேலியாகச் சொல்வதுண்டு.

நாடகம் சோறு போடுமா? மதுவிலக்குள்ள குஜராத்தில் சாரா நகர் கள்ளச்சாராயத்துக்குப் பெயர் பெற்ற இடம். 'சாரா' என்றதும் வேலை கொடுக்கத் தயங்குபவர்கள் இருக்கும்வரை அடுப்பில் சாராயம் காய்வதை நாடகத்தால் மட்டும் நிறுத்திவிட முடியாது. 2018 ஜூலையில் போலீஸ் நள்ளிரவில் புகுந்து கண்மூடித்தனமாகத் தாக்கியதாகக் குடியிருப்பினர் புகார் கூறினார்கள். தங்கள் ஆட்களை முதலில் தாக்கினார்கள் என்றது போலீஸ்.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், சினிமாக்காரர்கள் என்று ஒரு தலைமுறை அங்கே தலையெடுத்திருக்கிறது. பஜ்ரங்கே 2017இல் 'சமீர்' என்ற இந்திப் படத்தை இயக்கினார். அடிபட்டவர் வாய்மூடி வீட்டுக்குள் முடங்கிய காலம் போய், அடி விழுந்த கதையை ஊர் நடுவே நடித்துக் காட்டுகிறார்கள். புதன் சபருக்குக் கிடைக்காத பேச்சுரிமை அது.